கையளவு இறுக்கம்

கடை மாணாக்கருக்கு உவமை கூறவந்த நன்னூலார், இல்லிக்குடத்தையும் ஆட்டையும் எருமையையும் சொல்லி, அவற்றோடு நெய்யரியையும் சேர்த்துவைத்தார். நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைத் தன்னிடத்தே தேக்கிக்கொள்வது நெய்யரியின் இயல்பு. நல்லதை விட்டு அல்லதைப் பற்றும் மாணாக்கனும் அத்தகையன் என்பது கருத்து. வகுப்பறையில் இஃது இழிவாயினும் மோட்டார் வண்டியின் இயந்திரத்திலே இதுவே பெருந்தொண்டாகும். அங்கே கசட்டைப் பற்றிக்கொண்டு தூய எண்ணெயைப் போகவிடும் சிறு தகரக் குவளை ஒன்றுண்டு. கராஜிலே அதனை 'ஒயில் பில்டர்' என்பர். நாம் எண்ணெய் வடிகட்டி என்போம்.

இவ்வாரம் அதனைக் கழற்றுவதையும் பூட்டுவதையும் பற்றி எழுதப் புகுகின்றோம். எழுதத் தூண்டியவர்கள் உயர்தர வகுப்பிலே பௌதிகவியல் பயிலும் மாணவர் சிலர். "கழற்றும்போது இரண்டு பேர் தொங்கவேண்டியிருக்கிறது, பூட்டும்போது மாத்திரம் கையால் இறுக்கினாற் போதும் என்கிறார்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும், சேர்?" என்று அவர்கள் கேட்டனர். நல்ல வினா. கராஜ்களிலே பல்லாண்டு பழகியவர்களுள்ளும் இதற்கு விடை தேடாமலே வேலை செய்வோர் உளர்.

இஃது ஏட்டளவில் நின்றுவிடும் வினாவுமன்று. 2020 மார்ச்சிலே நம் நாட்டிற்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஐந்தாண்டும் இருந்த வண்டியையே காப்பாற்றி ஓடவேண்டியதாயிற்று. 2022இன் நெருக்கடியில் எண்ணெய் விலையும் கூலியும் ஏறியபோது, ஒயில் மாற்றும் வேலையைத் தம் முற்றத்திலேயே செய்யத் தலைப்பட்ட குடும்பங்களும் உள. அப்பழக்கம் நல்லதே. ஆனால் முற்றத்து வேலையிலே பெரும்பாலும் பிழைப்பது இந்த வடிகட்டிதான்.

குருக்கள்மடம் நிற்கும் நிலம் ஓர் ஒடுங்கிய மணற்றுண்டு. கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, இடையே கல்முனைக்குச் செல்லும் பெருந்தெரு. எழுவான்கரையாகிய இப்பக்கத்திலிருந்து வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைக்குச் செல்வோர் அம்பிளாந்துறைக்குப் பாதை ஏறுவது வழக்கம். பாதை என்றால் வழி என்றே எண்ணும் பிறவூர் அன்பர்களுக்காக ஒரு சொல்: நம் பக்கத்தில் பாதை என்பது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. வண்டி வைத்திருப்போர்க்கு இந்நிலம் அவ்வளவு இணக்கமானதன்று. கடற்காற்றின் உப்பு அடிப்பாகத்துத் தகரங்களிற் கறள் ஏற்றுகின்றது. ஜாக்கியை வைத்தால் அது மணலிலே புதைகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் அயலிலுள்ள குடும்பமொன்று கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேரைக் காண வான் வண்டியிலே புறப்பட்டது. முதல்நாள்தான் ஒரு கராஜிலே எண்ணெயும் வடிகட்டியும் மாற்றியிருந்தார்கள். பாதையைக் கடந்து அம்பிளாந்துறையிற் கரையேறிச் சிறிது தூரம் சென்றதும் முகப்பிலே எண்ணெய்ச் சாடியின் உருவங்கொண்ட சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி ஓட்டிய இளைஞர், "கோயிலடியிற் போய்ப் பார்ப்போம்" என்றார். கோயிலடி வருமுன்னரே இயந்திரம் கதறி இறுகி நின்றுவிட்டது. தேர்வடம் பிடிக்கப் போனவர்கள் வானைத் தள்ளினார்கள். திருத்தத்திற்கு ஆன செலவு, அவ்வீட்டு மூத்த பெண்ணைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பவென்று சேர்த்துவைத்திருந்த பணம்.

நடந்தது இதுதான். பழைய வடிகட்டியைக் கழற்றியபோது அதன் விளிம்பிலிருந்த இறப்பர் வளையம் குவளையோடு வராமல் இயந்திரத்தின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதனைக் கவனியாது அதன்மேலேயே புதியதைப் பூட்டிவிட்டார்கள். இறப்பரின்மேல் இறப்பர் நில்லாது. எண்ணெயின் அமுக்கம் ஏறியதும் ஒன்றன்மேலொன்று வழுக்கி ஒருபுறம் பிதுங்கிற்று; சில நிமிடங்களில் எண்ணெய் முழுவதும் தெருவிலே போயிற்று. புதிய வடிகட்டியை அவர்கள் தளர்வாகப் பூட்டவில்லை என்பது இங்கே நினைவிற் கொள்ளத் தக்கது. கையால் இறுக்கி, அதற்குமேற் கருவி கொண்டும் இறுக்கியிருந்தார்கள். பின்னர் அவ்வியந்திரத்தைப் பிரித்துப் பார்த்த முதிய மெக்கானிக் நம்மிடம், "இறுக்கத்தில பிழையில்ல சேர், இருப்பிலதான் பிழை" என்றார். நாம் சொல்லவந்த பொருள் முழுவதும் அவ்வொரு வசனத்தில் அடங்கிவிட்டது. ஆயினும் வாரப் பத்தி என்று ஒன்று எழுதவேண்டியிருத்தலின் விரித்துரைப்போம்.

வடிகட்டிக் குவளையின் முகத்தைப் பாருங்கள். நடுவிலே புரி வெட்டிய பெருந்துவாரம். சுற்றிவரச் சிறு துவாரங்கள். விளிம்பிலே ஒரு பள்ளத்தில் இறப்பர் வளையம். சிறு துவாரங்களாற் புகும் எண்ணெய், உள்ளே மடிப்பு மடிப்பாக அடுக்கப்பட்ட தாளினூடு வடிந்து, நடுத்துவாரத்தால் இயந்திரத்துக்குத் திரும்புகின்றது. நம் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்கிரோன், அஃதாவது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் எழுபது கூறு. அதனிற் பாதியினும் சிறிய துகளையும் அத்தாள் பெரும்பாலும் பற்றிவிடும். தாள் கசட்டால் அடைபட்டுப் போனால், இயந்திரம் எண்ணெயின்றி வாடாதிருக்க, ஓர் அடைப்பு தானே திறந்து வடியாத எண்ணெயை நேரே விட்டுவிடும். காலம் கடந்த வடிகட்டி இருந்தும் இல்லாததற்குச் சமம் என்பது இதனாலேயாம்.

இதற்கு நூறாண்டு வயது. அமெரிக்கப் பொறியியலாளரான ஏர்னஸ்ற் சுவீற்லண்டும் ஜோர்ஜ் கிறீன்ஹல்கும் 1923இல் இதனை அமைத்துப் 'பியூரோலேற்றர்' என்று பெயரிட்டனர். அடுத்த ஆண்டே கிறைஸ்லர் கார் இதனைத் தாங்கி வெளிவந்தது. நாம் இன்று காணும், முழுக்குவளையையும் திருகிப் பூட்டிப் பின்பு எறிந்துவிடும் வகை 1950களின் நடுவிலேதான் தோன்றியது. நம் தெருக்களில் இன்றும் இடையிடையே தென்படும் மொறிஸ் மைனரிலே குவளை நிலையானது; ஒரே நீண்ட ஆணியால் அது தொங்கும்; உள்ளிருக்கும் வடியை மாத்திரம் மாற்றுவார்கள். இறப்பர் வளையம் மேலே ஒரு பள்ளத்திற் புதைந்து கிடக்கும். அதனைக் கூரிய ஊசியாற் கிளப்பி எடுக்கச் சோம்பி, அதன்மேலேயே புதியதை அழுத்திவிடுவோர் அந்நாளிலும் இருந்தனர். கொக்கட்டிச்சோலை வழியில் நின்ற வானின் நோய் மைனர் காலத்து நோயே.

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். வடிகட்டிப் புரியின் இடைத்தூரம், பெரும்பாலான ஜப்பானியக் கார்களில், 1.5 மில்லிமீற்றர் அளவானது. வளையம் இயந்திரத்தின் முகத்தைத் தொட்டபின் முக்காற் சுற்றுத் திருகுக என்பது செய்தோர் தரும் பொதுவான அறிவுரை. அநேக குவளைகளின் புறத்தே அஃது அச்சிடப்பட்டுமிருக்கும். முக்காற் சுற்றுக்கு வடிகட்டி எவ்வளவு முன்னேறும்? 1.5இன் முக்காற் பங்கு, 1.1 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். அந்த அளவிற்கு இறப்பர் நசிகின்றது. நசிந்த இறப்பர் மீண்டும் தன் உருவை அடைய முயன்று இருபுறமும் தள்ளிக்கொண்டேயிருக்கும். எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது அந்தத் தள்ளுதலேயன்றி நம் தோள்வலி அன்று.

அங்ஙனமாயின் உள்ளே நிற்கும் அமுக்கத்துக்கு இந்தக் கையிறுக்கம் தாங்குமா என்று சிலர் ஐயுறுவர். கணக்கிட்டே பார்ப்போம். வளையத்தின் விட்டம் 62 மில்லிமீற்றர் என்று கொண்டால் அதன் உட்பரப்பு ஏறக்குறைய 30 சதுர சென்ரிமீற்றர். ஓடும் இயந்திரத்தில் எண்ணெயமுக்கம் 4 பார் எனின், குவளையைப் பிடுங்கியெறிய முயலும் விசை 120 கிலோகிராம் நிறைக்குச் சமம். வளர்ந்த ஆடவர் இருவர் அக்குவளையிலே தொங்குவது போலாம். அவ்விசையைத் தாங்குவது யார்? உருக்கினாலாகிய புரி. புரி என்பது உருளையைச் சுற்றிவிட்ட சாய்தளம் என்று வகுப்பிலே படித்தீர்கள். இச்சாய்தளத்தின் சரிவு மிகச் சிறிது. அதனாலே குவளையை நேரே எவ்வளவு இழுத்தாலும் உராய்வு அதனைச் சுழலவிடாது. ஆகவே முறுக்கிவைத்த வலி ஓரளவு இருந்தாற் போதுமானது. அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் வளையம் நசுங்கிப் பிதுங்கிவிடும். தகர விளிம்பு வளையும். இயந்திரத்தின் புரியே கெட்டுப்போதலும் கூடும்.

இவ்வளவு மெல்லெனப் பூட்டியது ஆறு மாதத்தின் பின் கழற்றும்போது கல்லாகிக் கிடப்பானேன்? இயந்திரம் ஓடும்போது எண்ணெய் 100 பாகை செல்சியஸ் அளவிற்குச் சூடேறும். மாதக்கணக்கிலே அச்சூட்டில் வெந்து ஆறும் இறப்பர், உலோகத்தின் கண்ணுக்குத் தெரியாத குழிகளிலே புகுந்து பற்றிக்கொள்ளும். எண்ணெய் தடவாமல் உலர்ந்தபடியே பூட்டப்பட்டிருந்தால் பற்று இன்னும் பெரிது. நம் பக்கத்தில் உப்புக்காற்றின் கறளும் அதனோடு சேரும். கழற்றும்போது உணரும் வன்மை, பூட்டியவர் கொடுத்த வன்மையன்று. வெப்பமும் காலமும் வட்டியாகச் சேர்த்தது. கழற்ற இருவர் வேண்டியிருந்தமையின் பூட்டவும் இருவர் வேண்டும் என்று முடிவுசெய்வதுதான், காரணத்தை மாற்றிக்கொள்ளும் பெரும்பிழை.

ஆனால் கழற்றவேண்டியிருப்பது உண்மை. அதற்குக் கருவிகள் உள. கருவியை எடுக்குமுன் வண்டியைச் சற்று ஓடவிட்டு நிறுத்துங்கள். இளஞ்சூட்டில் இறப்பர் இளகும். கொதிக்கக் கொதிக்கக் கழற்றப்போனாற் கை வேகும். மணற்றரையிலே ஜாக்கியின் கீழே தடித்த பலகை இடுதல் வேண்டும். ஜாக்கியொன்றையே நம்பி வண்டிக்குக் கீழே தலையை நீட்டுதல் எந்தத் தரையிலும் ஆகாது. உறுதியான தாங்கிகளை வைத்தபின்னரே உள்ளே போகவேண்டும்.

அடுத்தது திசை. குவளையின் அடிப்புறத்தை முகத்துக்கு நேரே பார்த்தபடி கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்பினாற் கழலும். வண்டியின் கீழே மல்லாந்து கிடந்து மேல்நோக்கிப் பார்ப்பவருக்கு இதில் மயக்கமில்லை. சில கார்களில் மேலிருந்து கையை விட்டுத் தடவித் திருப்பவேண்டியிருக்கும். அப்போது நாம் மறுபுறத்திலிருந்து நோக்குவதால் திசை மாறித் தோன்றும். கழற்றுவதாக எண்ணி முழுப்பலத்தோடும் இறுக்கிவிட்டு, அதன்மேல் வியர்த்துக் களைத்து, வடிகட்டியைச் செய்தவனை நோவோர் பலர்.

முதலிற் கையாலே முயலுங்கள். கையிலும் குவளையிலும் உள்ள எண்ணெயைத் துடைத்துவிட்டு, பழைய சைக்கிள் ரியூப்பின் துண்டொன்றைக் குவளையிலே சுற்றிப் பிடித்தால் வழுக்காது. சாண்ட் பேப்பரின் சொரசொரப்பான பக்கத்தைக் குவளைமேல் வைத்துப் பிடிப்பாரும் உளர். பாதி வடிகட்டிகள் இவ்வளவிலேயே இசைந்துவிடும்.

இசையாததற்கு வார்ச்சாவி நல்லது. தோலாலோ நெய்த நாடாவாலோ ஆன வாரைக் குவளையிலே சுற்றிப் பிடியைத் திருப்ப, வார் தானே இறுகிக் குவளையைக் கவ்வும். சங்கிலி கொண்டதும், உருக்குப் பட்டி கொண்டதும் இவ்வினத்தனவே. எதைச் சுற்றினாலும் குவளையின் நடுவயிற்றிற் சுற்றலாகாது. மெல்லிய தகரம் அங்கே நசுங்கிச் சப்பையாகும். இயந்திரத்தை அடுத்த மேல்விளிம்பிலே உள்ளே தடித்த தட்டு இருக்கின்றது. அதனருகே சுற்றினாற் பிடி உறுதியாக நிற்கும். இதனை அறியாமல், கறள் பிடித்த குவளையை நடுவிலே கவ்விக் கசக்கியெடுத்த காட்சியை எத்தனையோ முற்றங்களிற் கண்டிருக்கின்றோம்.

கிண்ணச்சாவி என்று ஒன்றுண்டு. குவளையின் அடியில் வெட்டியுள்ள முகங்களிலே தொப்பி போலப் பொருந்தும். ஒடுங்கிய இடத்திற்கு மிக ஏற்றது. ஆனால் அளவு பொருந்தவேண்டும். முகங்கள் 14 உடையதற்கு 15 உடையதை அடித்து ஏற்றினால் முகமெல்லாம் மழுங்கிப் போகும். மூன்று நகங்களாற் கவ்வும் நண்டுச்சாவி அளவு பாராது. திருப்புந்தோறும் நகங்கள் இறுகும். வீட்டில் ஒன்றே வாங்குவோமென்போர்க்கு, வண்டிக்குரிய கிண்ணம் தெரிந்தால் கிண்ணமும், தெரியாவிடில் வார்ச்சாவியும் போதும். ஏனையவை கராஜுக்கு.

திருப்புளியைக் குவளையிலே குறுக்காக அடித்துச் செருகி, அதனையே பிடியாகக் கொண்டு திருப்பும் முறை எங்கும் பேர்போனது. அதைச் செய்யுமுன் ஒன்று சிந்தியுங்கள்: துளைத்த குவளையோடு வண்டி ஓடாது. திருப்புளி தகரத்தைக் கிழித்துக்கொண்டு போய், வடிகட்டியும் அசையாமல் நின்றால், மெக்கானிக்கிடம் வண்டி போகமுடியாது, மெக்கானிக்தான் வரவேண்டும். வேறு வழியே இல்லாதபோது, புதிய வடிகட்டி கையிலிருக்கும்போது மாத்திரம் செய்யத்தக்கது அது.

கழன்றதும் முதல் வேலை பழைய குவளையின் விளிம்பைப் பார்த்தல். வளையம் அதிலே இருக்கின்றதா? இல்லையெனின் அது இயந்திரத்திலே இருக்கின்றது. வேறெங்கும் போயிராது. விரலாலே முகத்தைச் சுற்றித் தடவி, ஒட்டியதை எடுத்துவிட்டு, தூய பழஞ்சீலையால் அம்முகத்தைத் துடையுங்கள். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தைச் செலவிட்டிருந்தால் தேர் பார்க்கப் போனவர்கள் தேர் பார்த்திருப்பார்கள்.

பின்னர் புதியதன் வளையத்திலே புத்தெண்ணெயை விரலாற் பூசுங்கள். உலர்ந்த இறப்பர் உலோகத்திலே உராய்ந்து சுருளும். சுருளும்போது இறுகிவிட்டது போன்ற பொய்யுணர்வைக் கைக்குக் கொடுக்கும். குவளை நிமிர்ந்து நிற்கும் அமைப்பாயின் சிறிது எண்ணெயை உள்ளே வார்த்துக்கொள்ளலாம். முதல் சுழற்சியில் இயந்திரம் வறண்டு ஓடாது. புரியைக் கையாலேயே பிடிக்கவையுங்கள். முதலிரு சுற்றுக்கள் தடையின்றி ஓடவேண்டும். தடை கண்டால் புரி கோணிவிட்டதென்று அறிந்து, பின்னோக்கித் திருப்பி மீண்டும் தொடங்குக. வளையம் தொட்டதும் குவளையிலே ஒரு கோடிட்டு, அங்கிருந்து முக்காற் சுற்று. குவளையிலே வேறளவு அச்சிட்டிருந்தால் அதுவே சட்டம். நாம் மேலே சொன்ன முதிய மெக்கானிக், வேலை பழகவந்த பையன் வார்ச்சாவியைக் கையிலெடுத்ததைக் கண்டு, "அது கழட்டுறதுக்கு மனே, பூட்டுறதுக்கில்ல" என்று வாங்கி வைத்ததை ஒருநாட் கண்டோம்.

புதிய கார்கள் சிலவற்றில் மைனர் காலத்து முறையே மாற்றுருவில் மீண்டு வந்திருக்கின்றது. வடி மாத்திரம் மாறும். மேலே நெகிழி மூடி. இங்கே கையிறுக்கம் போதாது. மூடியிலேயே 25 நியூற்றன் மீற்றர் என்பது போல் அளவு பொறித்திருக்கும். அளவுச்சாவி இல்லாதோர் இவ்வாறு உணரலாம்: 25 சென்ரிமீற்றர் நீளமுள்ள பிடியின் நுனியில் 10 கிலோகிராம் நிறை தொங்கினால் உண்டாகும் திருப்பம் அது. ஓர் அரிசிப் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவ்வலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேற்போனால் நெகிழி வெடிக்கும். இம்மூடிகளின் வளையத்தையும் ஒவ்வொரு முறையும் மாற்றவேண்டும். புதிய வடியோடு பெட்டியிலேயே அது வரும். பெட்டியோடு அதனை எறிந்துவிடுவோரும் உளர்.

பூட்டி முடிந்து, எண்ணெய் வார்த்து, இயந்திரத்தை ஓடவிட்டால் சிவப்பு விளக்கு சில விநாடிகளில் அணையவேண்டும். அணையாவிடில் உடனே நிறுத்துக. அணைந்தால் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, வெளிச்சம் பிடித்து விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். ஒரு துளியும் காணப்படலாகாது. பின்பு நிறுத்தி, சற்றுப் பொறுத்து, அளவுகோலில் எண்ணெய் மட்டத்தைப் பார்த்துக் குறைவை நிரப்புங்கள். மறுநாட் காலை வண்டி நின்ற இடத்து மணலையும் ஒருமுறை நோக்குதல் நன்று.

மணல் என்றதும் இன்னொன்று. கழற்றிய குவளையினுள்ளே கணிசமான பழைய எண்ணெய் தங்கியிருக்கும். வேலிக்கரையிலே கிடங்கு வெட்டி அதனை ஊற்றிவிடுவது நம் பக்கத்து வழக்கம். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட இம்மணலிலே நாம் குடிக்கும் நீர், உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையாகத்தான் நிற்கின்றது. சில முழம் தோண்டினாற் கிணறு. மேலே ஊற்றியதைத் தடுக்கக் களியோ பாறையோ இடையில் இல்லை. ஒருமுறை மாற்றிய எண்ணெய் பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகம் கூறுகின்றது. குவளையைத் தலைகீழாக ஒரு பழைய தாச்சியின்மேல் ஓர் இரவு வடியவிடுங்கள். வடிந்ததையும் இயந்திரத்திலிருந்து இறக்கியதையும் மூடியுள்ள கலனிற் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்கும் கராஜுக்குக் கொடுத்துவிடலாம். கலனின்மேல் 'கழிவு எண்ணெய்' என்று பெரிதாக எழுதிவையுங்கள். மண்ணெண்ணெய்க் கலனும் அதே நிறத்ததாக இருத்தல் கூடும்.